அத்தியாயம் 6: கையை விட்டால் நின்றுபோகும் வண்டி

பழைய புல்லட்டைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் சொல்லப்படும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “ஸ்டார்ட் ஆகுதுண்ணே, கையை விட்டா நின்னுடுது.” அடுத்த நிமிடமே பெட்ரோல் டேப் மூடப்படும், குழாய் உருவப்படும், கார்புரேட்டர் கழன்று ஒரு தகரத் தட்டில் கிடக்கும். அரை மணி நேரத்தில் கழுவி, ஊதி, மாட்டி, ஒரு உதை. வண்டி நிற்காமல் ஓடும். பத்து நாள் கழித்து அதே கடை, அதே வாக்கியம்.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கழுவுவது யாருக்கும் வரும். எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். வலது கையும் காதும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

உதாரண வண்டியாக வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350ஐ எடுத்துக்கொள்கிறேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் இந்த வண்டியைச் செய்தது. நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இவ்வகைப் புல்லட்டுகளில் அதிகம் பார்ப்பது மிக்கார்ப் விஎம்24. ஜப்பானின் மிகுனி வடிவமைத்ததை, சென்னையை அடுத்த மறைமலை நகரில் யூகால் நிறுவனம் செய்து கொடுத்தது. ஆர்எக்ஸ் 100இல் இருப்பதும் இதே விஎம் குடும்பம்தான். அளவு மாறும், ஜெட் எண் மாறும், வேலை செய்யும் விதம் மாறாது. அதனால் உங்களிடம் வேறு வண்டி இருந்தாலும் இதைத் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் டேங்க் மூடி

சில வருடங்களுக்கு முன் திருச்சியிலிருந்து மதுரைக்கு என் புல்லட்டில் போய்க்கொண்டிருந்தேன். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி திணறி நின்றது. சாலையோர மரத்தடியில், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான புளோட் சேம்பரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி கழற்றினேன். விராலிமலைக்கு அருகே மூன்றாவது முறை உட்கார்ந்திருந்தபோது, எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் வந்து, “பெட்ரோல் இருக்கா தம்பி?” என்று டேங்க் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் மூடியைத் திருப்பிப் பார்த்து, “இதுல ஓட்டை எங்க?” என்றார்.

அதற்கு முந்தைய வாரம்தான் புது மூடி வாங்கிப் போட்டிருந்தேன். உள்ளே இருந்த வாஷர் காற்றுத் துளையை முழுதாக மூடியிருந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லை. கடைசியில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். நான் கார்புரேட்டரைக் கழற்றும் நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், அதனால் வண்டி ஓடும், ஊதியதால் ஓடியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஆணியால் வாஷரில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். மதுரை வரை நிற்கவில்லை.

அன்றிலிருந்து கார்புரேட்டரைத் தொடும் முன் ஒரு வரிசையில்தான் பார்க்கிறேன். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் குழாயை உருவி, ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். அறுபடாத தாரையாக இறங்க வேண்டும். சொட்டினால் கோளாறு மேலே இருக்கிறது: மூடித் துளை, டேப்பின் உள்ளே இருக்கும் சல்லடை, அல்லது யாரோ நடுவில் சொருகிய காகித ஃபில்டர். நம் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் கிடையாது, தன் எடையில்தான் இறங்குகிறது. பம்ப் வைத்த கார்களுக்கென்று செய்த ஃபில்டர் இங்கே தடுப்பணை மாதிரி ஆகிவிடும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் செந்தூள் படிந்தால் டேங்க் உள்ளே துரு. கீழே முத்து முத்தாகத் தனியாக உருண்டால் அது தண்ணீர். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பத்து நாள்தான்.

அடுத்தது நெருப்பு. பழைய புல்லட்டில் காண்டாக்ட் பாயிண்டும் கண்டென்சரும் உண்டு. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கண்டென்சர் செத்துக்கொண்டிருந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ் அடிக்கும், திணறும், நின்றுவிடும். அசல் கார்புரேட்டர் கோளாறு மாதிரியே இருக்கும். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு இருட்டான இடத்தில் எஞ்சினை ஓட விடுங்கள். பாயிண்ட் நடுவே பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் இந்த வண்டிகளில் பொறி வலுவிழக்கும். கார்புரேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பங்கு பாயிண்ட் பெட்டிக்குள் செய்த குற்றத்துக்கானது என்பது என் அனுபவம். புஷ் ராடுகளையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, ஐடிலிங் தங்காது. இதற்கெல்லாம் ஜெட் எந்த விதத்திலும் பொறுப்பாகாது.

கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப்

இதையெல்லாம் பார்த்த பிறகும் கோளாறு இருந்தால் இப்போது கார்புரேட்டர். அதையும் உடனே கழற்றாதீர்கள். ஆக்சிலேட்டர் கைப்பிடியின் ரப்பரில் ஒரு துண்டு வெள்ளை டேப், பக்கத்தில் அசையாத ஸ்விட்ச் பெட்டியில் இன்னொரு துண்டு. கை முழுதாக விட்ட நிலையில் இரண்டும் நேராக இருக்கட்டும். ஸ்விட்ச் பெட்டியின் டேப்பில் பேனாவால் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு கோடு போடுங்கள். இப்போது வண்டியை ஓட்டிப் போய், எந்தக் கோட்டில் கோளாறு தெரிகிறது என்று பாருங்கள். எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள், எந்த கியர் என்பது இரண்டாம் பட்சம். கை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

காரணம் எளிது. இந்த கார்புரேட்டருக்குள் ஒரே நேரத்தில் எல்லாம் வேலை செய்வதில்லை, முறை வைத்துச் செய்கின்றன. கையை விட்ட நிலையிலிருந்து சுமார் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை, கையைத் திருப்பும்போது ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் பகுதி. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஜெட் நீடிலும் அது இறங்கும் குழலும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், ஆனால் கோளாறைத் தேட இந்தக் கணக்கு போதும். “கையை விட்டா நின்னுடுது” என்பவருக்கு மெயின் ஜெட்டை மாற்றித் தருவது, பல்வலிக்குக் காலில் கட்டுப் போடுவது போன்றது.

அடுத்த கேள்வி: பெட்ரோல் அதிகமா, காற்று அதிகமா? முந்தையதை ரிச் என்றும் பிந்தையதை லீன் என்றும் கடையில் சொல்வார்கள். கோளாறு தெரியும் அதே கோட்டில் கையை வைத்துக்கொண்டு சோக்கைப் பாதி போடுங்கள். சோக் கூடுதல் பெட்ரோலைத் தருகிறது. வண்டி தெளிந்தால் அது லீனாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே ரிச். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஆளில்லாத சாலையில் ஓட்டிக்கொண்டே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். சேம்பரில் மட்டம் இறங்க இறங்கக் கலவை லீன் பக்கம் போகும். நிற்பதற்குச் சற்று முன் வண்டி திடீரென்று சுத்தமாக, துள்ளலாக ஓடினால், உங்கள் சேம்பரில் பெட்ரோல் மட்டம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று பொருள்.

பிளக்கும் பேசும். ஆனால் அதைக் கடைக்கு வந்து, ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. அப்போது பிளக்கில் தெரிவது ஐடிலிங்கின் கரி மட்டும்தான். எந்தக் கோட்டைச் சோதிக்கிறீர்களோ அந்தக் கோட்டில் சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே ஓரம் போய்க் கழற்றுங்கள். நடு மின்முனையைச் சுற்றிய பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. மெத்தென்ற கரி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தால் லீன், அதை அலட்சியம் செய்யாதீர்கள். ரிச்சாக ஓடினால் பெட்ரோலும் பிளக்கும்தான் வீண். லீனாக ஓடினால் சூடு ஏறி பிஸ்டன் பிடிக்கும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் பழைய யெஸ்டி மாதிரியான வண்டிகளில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

ஸ்லோ ஜெட்: எறும்பு நுழையாத துளை

இப்போது தலைப்பில் சொன்ன கோளாறுக்கு வருவோம். கையை விட்டால் நிற்கிறது, சோக் போட்டால் நிற்காமல் ஓடுகிறது. காலையில் பத்து உதை கேட்கிறது. ஓடும்போது கையை மூடினால் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் இப்படி வெடிக்கும், அதை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஸ்லோ ஜெட்.

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள். அறைக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடம், பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ இருக்கக் கூடாது. சேம்பரின் ஸ்க்ரூக்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். இந்த ஸ்க்ரூக்களின் உலோகம் மெத்தென்றது. தலை தேய்ந்தால் பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சேம்பரை இறக்கினால் நடுவில் அறுகோணத் தலையோடு நிற்பது மெயின் ஜெட். அதன் பக்கத்துக் குழியில் மறைந்திருக்கும் சின்னப் பித்தளைத் திருகுதான் ஸ்லோ ஜெட்.

அதைக் கழற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஒரு குண்டூசி முனைகூட நுழையாத, கால் மில்லிமீட்டர் அளவிலான துளை. சுத்தமாக இருந்தால் உள்ளே ஒரு வெளிச்சப் புள்ளி, ஓரம் கூராக, முழு வட்டமாக, நட்சத்திரம் மாதிரி தெரியும். அடைத்திருந்தால் புள்ளியே தெரியாது. பாதி அடைத்திருந்தால்தான் ஏமாந்துவிடுவோம்: வெளிச்சம் தெரியும், ஆனால் தேய்பிறை மாதிரி ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரியும். ஓரத்தில் தேன் நிறத்தில் பிசினாக ஒட்டியிருப்பது பழைய பெட்ரோல். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சியது கெட்டியாகிப் படிகிறது. கூடவே பக்கவாட்டுத் துளைகளையும் பாருங்கள், காற்று அவற்றின் வழியாகத்தான் பெட்ரோலோடு கலக்கிறது.

இந்தத் துளைக்குள் கம்பி விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வயர் பிரஷ்ஷிலிருந்து ஒரு எஃகுக் கம்பியை உருவி உள்ளே குத்தினால் அடைப்பு போகும், கூடவே பித்தளையும் சுரண்டிப் போகும். துளை ஒரு மயிரிழை பெரிதானால் அந்த ஜெட் இனி வேறு எண். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் கரும்புகை நிற்கவில்லை. ஜெட்டில் அடித்திருந்த எண் சரியானதுதான், ஆனால் புதிய ஜெட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்று நட்சத்திரம், மற்றது நிலா. யாரோ, எப்போதோ, நல்லெண்ணத்தோடு குத்தியிருக்கிறார். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் இரவு முழுக்க ஊறவைத்து, காற்று அடித்தால் போதும். அதிலும் போகவில்லையென்றால் புதிது வாங்குங்கள். அசல் ஜெட் விலை ஒரு நாள் பெட்ரோல் செலவுக்குள் அடங்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உங்கள் ஊர் ஸ்பேர் கடையிலோ வாங்கும்போது, பெட்டி இல்லாமல் டப்பாவில் கொட்டி வைத்திருப்பதைத் தவிருங்கள். எண் அச்சடித்திருப்பதாலேயே துளை அந்த அளவில் இருந்துவிடாது.

ஜெட் சுத்தமானால் பாதி வேலைதான் ஆனது. ஜெட்டிலிருந்து ஸ்லைடுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும் பாதை கார்புரேட்டரின் உடம்புக்குள் ஓடுகிறது. அது அடைத்திருந்தால் வெளியே தெரியாது. ஏர் ஸ்க்ரூவை அதன் ஸ்ப்ரிங்கோடும், ரப்பர் வளையம் இருந்தால் அதோடும் பத்திரமாக வெளியே எடுங்கள். ரப்பர் எதுவும் கிளீனரில் படக் கூடாது, ஊதிப் பெருத்துவிடும். ஜெட் இருந்த குழியில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை வைத்து அழுத்துங்கள். ஏர் ஸ்க்ரூ துளையிலிருந்து ஒரு தாரை, எஞ்சின் பக்கத்து வாயில் இருக்கும் ஊசித் துளைகளிலிருந்து மெல்லிய தாரை, இரண்டும் வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தாரை நேராக முகத்தை நோக்கித்தான் வரும். பத்து நாளில் திரும்பி வரும் வண்டிகளில் பலவற்றில் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு இந்தப் பாதையை விட்டிருப்பார்கள்.

மாட்டிய பிறகு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, அது நிற்கும் வரை உள்ளே திருப்புங்கள். இறுக்காதீர்கள், முனை தேய்ந்துவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இதுதான் தொடக்கம். எஞ்சினை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் டியூன் செய்வது வீண் உழைப்பு. ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் சில நொடி காத்திருந்து கேளுங்கள். எஞ்சின் ஓட்டம் உயர்ந்து, சீராகும் இடம் ஒன்று வரும். அதைத் தாண்டினால் மறுபடி இறங்கும். அந்த உச்சியில் விட்டுவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

விஎம் கார்புரேட்டரில் இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது, காற்றை அளக்கிறது. உள்ளே திருப்பினால் காற்று குறையும், கலவை ரிச். வேறு சில கார்புரேட்டர்களில் எஞ்சின் பக்கத்தில் இருக்கும். அது கலவையை அளப்பது, உள்ளே திருப்பினால் லீன். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திருப்பி, தலைகீழாக டியூன் செய்த வண்டிகள் ஏராளம். உங்கள் உச்சி முக்கால் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சிறியது அல்லது இன்னும் அடைப்பு இருக்கிறது. இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் வரவில்லையென்றால் ஜெட் பெரியது.

ஒரு வார்த்தை அந்த ‘டக்... டக்...’ ஓசையைப் பற்றி. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி ஐடிலிங்கைக் குறைத்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். எனக்கும் அந்த ஓசை பிடிக்கும். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், பேட்டரியும் சார்ஜ் ஆகாது. ஆம்பியர் மீட்டர் முள் இடது பக்கம் சாய்வதைப் பார்த்தாலே தெரியும். நிமிடத்துக்கு 900 முதல் 1000 சுற்று வரை இருக்கட்டும்.

காற்று திருட்டு வழியில் வந்தால்

ரேஸ் தானாக ஏறுகிறது, சிக்னலில் கையை விட்டும் இறங்க மாட்டேன் என்கிறது, பிறகு திடீரென்று விழுந்து நிற்கிறது. ஏர் ஸ்க்ரூ எதற்கும் படிவதில்லை. இப்படி இருந்தால் முதலில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். ரேஸ் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி கொடுங்கள். மாறவில்லையென்றால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று நுழைகிறது.

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைச் சிறு பிரஷ்ஷால் தடவுங்கள். கசிவு இருந்தால் ஒரு கணம் ரேஸ் மாறும், நுரை உள்ளே இழுபடும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அது வேண்டவே வேண்டாம். ரப்பர் மேனிஃபோல்டு உள்ள வண்டியில் ரப்பரை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு நட்டால் நேராக ஹெட்டில் பூட்டப்படும் வகை என்றால் நட்டை இன்னும் இறுக்கத் தோன்றும். அந்த இறுக்கம்தான் வியாதி. பல வருட இறுக்கத்தில் கார்புரேட்டரின் முகப்பு வாழைப்பழம் மாதிரி வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கண்ணாடிப் பலகையில் நீர் எமரி தாளை ஒட்டி, எட்டு எழுதுவது போல தேய்த்துச் சமமாக்கலாம். பிறகு புது கேஸ்கெட் வைத்து, இரண்டு நட்டையும் மாறி மாறி, கை பலத்தில் மட்டும்.

ஸ்லைடு தேய்ந்து கலகலவென்று ஆடினாலும் இதே அறிகுறிதான். அதற்கு மருந்து கிடையாது, மாற்றுவதுதான். ஸ்லைடைத் திரும்பப் போடும்போது சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ரேஸ் இறங்காது.

கீழே சொட்டும் பெட்ரோல்

காலையில் வண்டியின் அடியில் ஈரம், பெட்ரோல் வாசனை. சேம்பரை இறக்கி, புளோட் வால்வின் முனையை நகத்தால் தடவுங்கள். சுற்றிலும் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது மூடாது. புளோட்டைக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். இரண்டும் சரியென்றால் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கியிருக்கும். அப்போது டேங்கின் துருவுக்குத் திரும்பிப் போங்கள்.

இரவு முழுக்க வழிந்திருந்தால் உதைக்கும் முன் எஞ்சின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் அடைத்து, இன்டேக் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் பெட்ரோல் உள்ளே இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். வாசனை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023இல் 20 விழுக்காடு கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. நம் பழைய வண்டிகளின் ரப்பர்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய் கல்லாகிறது அல்லது கொழகொழக்கிறது, வால்வு முனை உப்புகிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. சேம்பரின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதன் வேலை. கலவையும் கொஞ்சம் லீன் பக்கம் சாய்கிறது. முன்பு சரியாக இருந்த வண்டியில் பிளக் இப்போது வெளுக்கிறதென்றால், ஜெட் நீடிலை ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம்.

நீடிலும் மெயின் ஜெட்டும்

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், கெடுவது குறைவு. நீடிலின் தலையில் ஐந்து வரிப்பள்ளங்கள், ஒன்றில் கிளிப். வழக்கமாக நடுவில். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் நீடில் மேலே ஏறும், ரிச். மேலே மாற்றினால் லீன். பால்காரர் வண்டி மாதிரி வருடக்கணக்கில் பாதிக் கையிலேயே ஓடிய வண்டிகளில் நீடில் உரசி உரசிக் குழலின் வாய் நீள்வட்டமாகிவிடும். மைலேஜ் குறைந்து, பாதிக் கையில் பிளக் கறுத்து, மற்ற இடத்தில் எல்லாம் சரியாக இருந்தால் நீடிலையும் குழலையும் ஜோடியாக மாற்றுங்கள்.

முழுக் கையில் இழுவை இல்லை என்றால் மெயின் ஜெட்டைத் தொடும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் சத்தத்துக்காக மாற்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் மெயின் ஜெட் எண் மாற்ற வேண்டி வரும். மாற்றினால் ஒரு எண், ஒரு பிளக் சோதனை, பிறகு அடுத்தது.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு: 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஜெட் அதே, காற்று குறைவு, அதனால் குன்னூர் தாண்டியதும் வண்டி மந்தமாவது நோயில்லை. இரண்டு நாள் தங்கல் என்றால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தால் போதும். அங்கேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே வையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்கு மாற்றுங்கள். சமவெளி வெயிலில் லீனாக ஓட்டுவது எஞ்சினுக்குக் கேடு.

ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை ஒரு சிறு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்: ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று, கிளிப் எந்தப் பள்ளம், ஜெட் எண், பிளக் நிறம். சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த நோட்டு, ஊர் பேர் தெரியாத மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது உங்களுக்காகப் பேசும்.

வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால், கடைசி நாள் வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலேயே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். சேம்பரில் இருப்பது வாசல் வரை கொண்டுவந்து விடும். ஸ்டாண்டு போட்டு, அது தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கடைசி நொடிகளில் ரேஸ் ஒருமுறை உயர்ந்து அடங்கும். அதன் பிறகு சாவியை அணையுங்கள்.